காப்பகம் மட்டும் போதுமா? வீடற்றோர் பணியும் அதைச் செய்பவர்களும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, பிப்ரவரி 28ஆம் தேதி இரவை வீடற்றவர்களை எண்ணுவதற்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். நடைபாதை, மேம்பாலத்தின் அடி, ரயில் நிலைய நடைமேடை, கோயில் மண்டபம், சாலையோரம் கிடக்கும் பெரிய குழாய்கள் என்று வீடு என்று சொல்ல முடியாத இடங்களில் படுத்திருந்தவர்கள் அன்றிரவு கணக்கில் வந்தார்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நகரங்களில் இருந்தார்கள். ஓர் இரவில் எடுக்கும் கணக்கில் பலர் விடுபட்டுப்போவார்கள். இரவு வேலைக்குப் போனவர், போலீஸ் விரட்டியதால் தெரு மாறியவர், மருத்துவமனை வராந்தாவில் நோயாளியின் உறவினரைப் போலப் படுத்திருந்தவர் எல்லாம் அந்த எண்ணுக்கு வெளியே நிற்பவர்கள்.

இவர்களுக்காக நாடு தழுவிய ஏற்பாடு ஒன்று வேண்டும் என்ற நிலை உச்ச நீதிமன்றத்தின் வழியாகத்தான் வந்தது. 2009 டிசம்பரில், கடுங்குளிரில், டெல்லி பூசா சாலையில் இருந்த தற்காலிகத் தங்குமிடம் ஒன்று அகற்றப்பட்டது. உணவு உரிமை வழக்கில் நீதிமன்றத்தின் ஆணையர்களாக இருந்த என்.சி. சக்சேனாவும் ஹர்ஷ் மந்தரும் 2010 ஜனவரியில் இதை நீதிபதிகளின் கவனத்துக்குக் கொண்டுபோனார்கள். தொடர்ந்து வந்த உத்தரவுகள் டெல்லியோடு நிற்கவில்லை. பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் இருக்க வேண்டும், அது ஆண்டு முழுவதும் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் வீடற்றோர் காப்பகங்களுக்கென்று தனித் திட்டமே சேர்க்கப்பட்டது. அதன் நிலை மோசமாக இருக்கிறது என்ற புகாரின் பேரில் 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் குழு அமைத்து ஆராயச் சொன்னது.

அன்றிலிருந்து இன்றுவரை விவாதம் கட்டடத்தைச் சுற்றியே நடக்கிறது. எத்தனை காப்பகம், எத்தனை படுக்கை, கழிப்பறை உண்டா, பூட்டிக் கிடக்கிறதா? இவை கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்குச் சமமான இன்னொரு கேள்வி அரிதாகவே கேட்கப்படுகிறது. அந்தக் காப்பகத்தில் வேலை செய்பவர் யார்? அவருக்கு என்ன தெரியும், என்ன சம்பளம், பத்து ஆண்டு கழித்து அவர் எங்கே இருப்பார்? தெருவில் இருக்கும் ஒருவர் மீண்டும் ஒரு கதவுக்குச் சொந்தக்காரர் ஆவது, இடையில் நின்று பல மாதங்கள் உழைக்கும் ஒரு பணியாளரின் திறமையால் நடக்கிறது. அந்தத் திறமை வளரவும் தங்கவும் வேண்டுமென்றால், வீடற்றோர் பணி சம்பளமும் பயிற்சியும் பதவி உயர்வும் உள்ள முழுத் தொழிலாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு தொழில் உருவான விதம்

வீட்டு வசதிப் பணி தொழிலாக மாறிய வரலாற்றை இங்கிலாந்தில் தெளிவாகப் பார்க்கலாம். 1865இல் லண்டன் மேரில்போன் பகுதியில், பாரடைஸ் பிளேஸ் என்ற இடத்தில் பாழடைந்த சில வீடுகளை எழுத்தாளர் ஜான் ரஸ்கின் வாங்கி, ஆக்டேவியா ஹில் என்ற இளம்பெண்ணின் பொறுப்பில் விட்டார். ஹில் வாரந்தோறும் வாடகை வசூலிக்கப் போனார். அந்தப் போக்குவரத்திலேயே ஒழுகும் கூரை, வேலையிழந்த கணவன், பள்ளிக்குப் போகாத குழந்தை என்று எல்லாவற்றையும் கவனித்தார். வாடகை வசூலிப்பவரே குடும்பத்தின் நிலையை அறிந்து உதவுபவராகவும் இருக்க வேண்டும் என்பது அவர் கண்ட முறை. வாடகையில் அவர் மிகக் கறாராக இருந்தார். ஏழைகளின் ஒழுக்கத்தைத் திருத்துவது தன் கடமை என்று நினைத்தார். இந்த இரண்டுக்காகவும் பிற்காலத்தவர் அவரை விமர்சித்ததில் நியாயம் உண்டு. ஆனால் அவர் செய்த இன்னொரு காரியம் நிலைத்தது. தன்னிடம் வந்த பெண்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்தார். கணக்கு எழுதுவது, பழுது பார்ப்பது, சட்டம் தெரிந்துகொள்வது, வீட்டுக்காரரோடும் குடியிருப்பவரோடும் பேசுவது எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை என்று நிறுவினார். அவரிடம் பயின்றவர்களின் வழியில் 1916இல் பெண் வீட்டு மேலாளர்களின் சங்கம் உருவானது. இன்று பிரிட்டனில் இத்துறையின் தொழில்முறை அமைப்பாக இருக்கும் சார்ட்டர்ட் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹவுசிங்கின் முன்னோடிகளில் அந்தச் சங்கமும் ஒன்று.

பயிற்சி ஒரு கால் என்றால் சட்டம் இன்னொரு கால். 1977இல் வீடற்றோருக்கான சட்டம் வந்தபோது, குறிப்பிட்ட வகையினருக்கு வீடு ஏற்பாடு செய்வது உள்ளாட்சியின் கடமை ஆனது. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீடின்மைக் குறைப்புச் சட்டம் இன்னும் ஓர் அடி முன்னே போனது. உதவிக்குத் தகுதியுடைய ஒவ்வொருவரின் நிலையையும் மதிப்பிட்டு, அவருக்கென்று தனித் திட்டம் எழுதித் தர வேண்டும் என்றது. கடமை சட்டத்தில் ஏறியதும் அதைச் செய்ய ஆள் வேண்டியிருந்தது. ஆளைத் தேட, பதவியின் பெயரும் தகுதியும் சம்பள நிலையும் வரையறுக்க வேண்டியிருந்தது. 2023இல் வந்த சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டம், மூத்த மேலாளர்களுக்குத் தொழிற்கல்வித் தகுதி இருக்க வேண்டும் என்பதற்கே வழி வகுத்தது. இத்தனைக்குப் பிறகும் இங்கிலாந்தில் தெருவில் உறங்குபவர்கள் இருக்கிறார்கள்; வீடு போதாத ஊரில் பணியாளர் மட்டும் அதிசயம் செய்துவிட முடியாது. ஆனாலும், அங்கே ஓர் இளைஞர் வீடற்றோர் விடுதியில் உதவியாளராகச் சேர்ந்து, படித்து, இருபது ஆண்டில் ஒரு நகரத்தின் வீட்டுவசதித் துறையை நடத்துபவராக ஆகலாம். நம்மூரில் அப்படிச் சொல்ல இன்னும் வழியில்லை.

இரவுச் சுற்றும் பகல் கோப்பும்

சென்னையில் இந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்ப்போம். மாநகராட்சி, தொண்டு நிறுவனங்களின் மூலம் காப்பகங்களை நடத்துகிறது. ஆண்கள், பெண்கள், சிறுவர், சிறுமியர், மனநலக் குறைபாடு உள்ளவர்கள், அரசு மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளின் உடனிருப்பவர்கள் என்று தனித்தனியாகக் காப்பகங்கள் இருப்பது சென்னை ஏற்பாட்டின் சிறப்பு. ஒரே கூடத்தில் எல்லோரையும் அடைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் காப்பகத்துக்கு ஆள் தானாக வருவதில்லை. களப்பணியாளர் இரவில் போய்ச் சந்திக்க வேண்டியிருக்கிறது. பாரிமுனை, பூக்கடை, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் கடைகளின் ஷட்டர் இறங்கிய பிறகுதான் படுக்கை விரிக்க இடம் கிடைக்கும். அதனால் பத்து மணிக்கு முன்னால் போனால் ஆள் இருக்காது. நள்ளிரவுக்குப் பிறகு போனால் தூங்குபவரை எழுப்ப வேண்டியிருக்கும். நல்ல களப்பணியாளர் தூங்குபவரை எழுப்புவதில்லை. நின்றபடி கீழே குனிந்து பேசுவதில்லை. அருகில் தரையில் உட்காருகிறார். முதல் சந்திப்பில் பெயர், ஊர், சாதி, ஆதார் என்று அடுக்கிக் கேட்பதில்லை. காப்பகத்தில் இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்வதில்லை. இரண்டாவது, மூன்றாவது முறை அதே முகம் அதே நேரத்தில் வரும்போதுதான் எதிரில் இருப்பவர் பேசத் தொடங்குகிறார்.

அவர் பேசத் தொடங்கியதும் சிக்கல் புரிகிறது. பூ கட்டி விற்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று தலைமுறையாக அதே நடைபாதையில் இருப்பவர்கள் வடசென்னையில் உண்டு. காப்பகத்துக்குப் போனால் கணவன் ஓர் இடம், மனைவி ஓர் இடம், வளர்ந்த மகன் இன்னோர் இடம். விடியற்காலையில் மார்க்கெட்டில் சரக்கு எடுக்க வேண்டும். கூடையையும் அடுப்பையும் வைக்கக் காப்பகத்தில் இடம் இருக்காது. சரி, வீடே தருகிறோம் என்றால், அது பெரும்பாக்கத்திலோ கண்ணகி நகரிலோ இருக்கும். அங்கிருந்து அதிகாலையில் பாரிமுனைக்கு வந்து சேர்வதற்குள் அன்றைய வியாபாரம் கைவிட்டுப் போகும். நடைபாதையில் வாழ்பவர் அங்கே இருப்பது பிழைப்புக்காகத்தான் என்பதை உச்ச நீதிமன்றமே 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வாழும் உரிமைக்குள் பிழைக்கும் உரிமையும் அடக்கம் என்றது அந்தத் தீர்ப்பு. இக்குடும்பம் வர மறுப்பதைப் பிடிவாதம் என்று எழுதிவிட்டு நகர்பவர் ஒரு வகைப் பணியாளர். குடும்பமாகத் தங்கும் இடம், வேலைக்கு அருகில் வாடகை வீடு, பொருள் வைக்க ஓர் அறை என்று தேவையைப் பிரித்து எழுதி மேலே கொண்டுபோகிறவர் இன்னொரு வகை. இரண்டாமவருக்குப் பயிற்சி வேண்டும். அவர் எழுதியதைப் படிக்க மேலே ஓர் ஆளும் வேண்டும்.

காப்பகத்துக்கு வந்து சேர்ந்த பிறகு தொடங்குவது பகல் வேலை. வருபவரின் மூட்டையே அவருடைய கோப்பு. அதில் ஒரு பழைய ஓ.பி. சீட்டு இருக்கும், நனைந்து எழுத்தழிந்த ரேஷன் அட்டை நகல் இருக்கும், யாரோ ஒருவரின் கைப்பேசி எண் எழுதிய துண்டுத்தாள் இருக்கும். அந்த மூட்டையை அவர் அனுமதியின்றித் தொடக்கூடாது என்பது முதல் பாடம். அதிலிருந்து ஒரு மனிதரின் அடையாளத்தைத் திரும்பக் கட்டுவது அடுத்தடுத்த பாடங்கள்.

காசநோய் வந்த ஒருவருக்குச் சிகிச்சை குறைந்தது ஆறு மாதம் ஓட வேண்டும். சத்துணவுக்காக அரசு தரும் மாத உதவி 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். ஆனால் அது வங்கிக் கணக்கில்தான் வரும். கணக்குக்கு அடையாள ஆவணம் வேண்டும். ஆவணத்துக்கு முகவரி வேண்டும். முகவரி இல்லாதவருக்கு இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே கிடையாது. ஆவணம் எதுவும் இல்லாதவருக்கு அறிமுகம் செய்பவர் மூலம் ஆதார் பதிய வழி இருக்கிறது என்பது பணியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலிலும் இப்படி ஒரு வழி உண்டு. வீடற்றவர் படிவம் 6இல் தான் உறங்கும் இடத்தையே முகவரியாகத் தரலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே போய், அவர் உண்மையிலேயே அங்குதான் உறங்குகிறாரா என்று பார்ப்பார். உறுதியானால் குடியிருப்புக்கான ஆவணம் தேவையில்லை. இந்த விதி தெரிந்த பணியாளர் இருக்கும் தெருவில் வாக்காளர்கள் இருப்பார்கள். வாக்காளர் இருக்கும் தெருவைக் கவுன்சிலரும் எட்டிப் பார்ப்பார்.

இந்தப் பணிகளை மொத்தமாகப் பார்த்தால், உளவியல் அறிவும் சட்ட அறிவும் அலுவலக நடைமுறை அறிவும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்கப்படுகின்றன. சமையலறைக் கணக்கும் கூடவே வரும். இவ்வளவையும் இரக்கம் ஒன்றே கற்றுத் தந்துவிடாது.

மனநலத் துறை காட்டிய வழி

தமிழ்நாட்டில் இந்தப் பணி தொழிலாக உருப்பெற்ற ஓர் இடம் உண்டு. 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் சென்னையில் தொடங்கிய தி பான்யன் அமைப்பு, மனநோயோடு தெருவில் அலைந்த பெண்களுக்குப் புகலிடமாகத் தொடங்கியது. மீட்பது, சிகிச்சை தருவது, ஊரைக் கண்டுபிடித்துக் குடும்பத்தோடு சேர்ப்பது என்ற பாதை பலருக்குப் பயன்பட்டது. ஆனால் திரும்பிப் போகக் குடும்பமே இல்லாதவர்களும் குடும்பம் ஏற்காதவர்களும் ஆண்டுக்கணக்கில் நிறுவனத்துக்குள்ளேயே தங்க நேர்ந்தது.

அதற்கு விடையாகப் பத்தாண்டுக்கு முன் உருவானது ஹோம் அகெய்ன் என்ற முறை. நான்கைந்து பேர் சேர்ந்து, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் குடியிருப்பார்கள். கடைக்குப் போவதும் சமைப்பதும் கோயிலுக்குப் போவதும் அக்கம்பக்கத்தாரோடு பேசுவதும் அவர்கள் விருப்பம். உடனிருந்து உதவத் தனி உதவியாளர்கள் இருப்பார்கள். இந்த உதவியாளர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பெண்கள். பட்டப்படிப்போ மனநலப் படிப்போ இல்லாதவர்கள். மாத்திரை நேரம் பார்ப்பது அவர்கள் வேலையில் ஒரு சிறு பகுதிதான். இன்று சமையல் யார் என்ற சண்டையைத் தீர்ப்பது, இரவில் குரல் கேட்கிறது என்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, முதல் மாதத்தில் முகம் சுளித்த வீட்டுக்காரரை ஆறாம் மாதத்தில் விசாரிக்க வைப்பது எல்லாம் அவர்களின் கைவண்ணம். அவர்களுக்கு மேலே களமேலாளர், சமூகப் பணியாளர், மனநல மருத்துவர் என்று நிலைகள் உண்டு. பயிற்சிக்கும் ஆய்வுக்கும் என்றே இந்த அமைப்பு 2007இல் தனிக் கல்வி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. பின்னர் டாடா சமூக அறிவியல் கழகத்தோடு சேர்ந்து முதுநிலைப் படிப்புகளையும் நடத்தியது.

சட்டமும் இங்கே துணைக்கு வந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஆதரவற்றவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் மனநலச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. அலைந்து திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்துச் சிகிச்சைக்குக் கொண்டுசெல்லும் கடமையைக் காவல் துறைக்கு விதிக்கிறது. குடும்பம் இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது, சமூகத்தில் வாழ்வது அவர் உரிமை என்றும் சொல்கிறது. தமிழ்நாடு அரசு மாவட்ட மருத்துவமனைகளோடு இணைத்து அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களை அமைத்தது. சட்டக் கடமையும் பயிற்சி நிறுவனமும் படிநிலையும் ஒன்றாகச் சேர்ந்தால் வேலை எப்படி மாறுகிறது என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைக்கும் சான்று இது. மனநோய் இல்லாத வீடற்றவர்களுக்கான பணி இன்னும் இந்த நிலையை எட்டவில்லை.

மூன்று பராமரிப்பாளர், இருபத்தொரு ஷிப்ட்

ஏன் எட்டவில்லை என்பதற்கு விடை வரவுசெலவுக் கணக்கில் இருக்கிறது. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறை, ஐம்பது பேர் தங்கும் காப்பகத்துக்கு ஒரு மேலாளரும் எட்டு மணி நேர ஷிப்டில் மூன்று பராமரிப்பாளர்களும் வேண்டும் என்றது. நடத்தும் செலவுக்கு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டது.

கையில் பென்சிலோடு உட்கார்ந்தால் மீதி தெரிந்துவிடும். ஆண்டுக்கு 6 லட்சம் என்றால் மாதம் 50,000 ரூபாய். மின்சாரம், தண்ணீர், சோப்பு, பினாயில், பழுது என்று ஒரு காசும் செலவழிக்காமல் முழுவதையும் நான்கு பேருக்குப் பிரித்தாலும் தலைக்கு 12,500 ரூபாய்தான் வரும். செலவு போக மிஞ்சுவதுதான் உண்மையான சம்பளம். இனி ஷிப்டைப் பார்ப்போம். ஒரு நாளுக்கு மூன்று ஷிப்ட், வாரத்துக்கு இருபத்தொன்று. மூன்று பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஏழு. அதாவது வாரத்தின் ஏழு நாளும் வேலை. ஒருவருக்கு வார விடுமுறை தர வேண்டுமென்றால் இன்னொருவர் பதினாறு மணி நேரம் நிற்க வேண்டும், அல்லது மேலாளர் பராமரிப்பாளராக மாற வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், ஒருவர் வீட்டில் திருமணம் என்றால், மொத்த ஏற்பாடும் ஆட்டம் காணும். இரவில் ஐம்பது பேருக்கு ஒரே ஆள். அன்றிரவு ஒருவருக்கு வலிப்பு வந்தால், 108ஐ அழைத்து ஆம்புலன்ஸில் கூடப் போவதா, மற்ற நாற்பத்தொன்பது பேரோடு இருப்பதா என்று அவரே முடிவு செய்ய வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் களப்பணிக்கும் ஆவணப் பணிக்கும் குடும்பத்தைத் தேடும் பணிக்கும் தனி ஆளே இல்லை. தொண்டு நிறுவனங்கள் நன்கொடை திரட்டிச் சமூகப் பணியாளரை அமர்த்துகின்றன. நன்கொடை நிற்கும்போது அவரும் போய்விடுகிறார். அவரோடு, எந்தத் தெருவில் யார், யாருக்கு எந்த மாத்திரை, எந்தத் தாலுகா அலுவலகத்தில் எந்தக் கோப்பு என்ற அறிவும் போய்விடுகிறது. புதிதாக வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். தெருவில் இருப்பவரும் தன் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியதாகிறது. பலமுறை சொல்லி எதுவும் நடக்காதவர் ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிடுகிறார். பணியாளர் மாறிக்கொண்டே இருப்பதன் விலையை இப்படி வீடற்றவரே கொடுக்கிறார்.

வீடு முதலில், பணியாளர் கூடவே

உலக அளவில் இத்துறையின் சிந்தனையை மாற்றியது முதலில் வீடு என்ற கொள்கை. 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கிய அமைப்பு, குடியை நிறுத்து, சிகிச்சைக்கு வா, பிறகு வீடு தருகிறோம் என்ற பழைய வரிசையைத் தலைகீழாக்கியது. வீட்டை முதலில் கொடுத்தது. மற்ற உதவிகளை அவர் விருப்பப்படி பின்னால் கொடுத்தது. கனடா 2009 முதல் ஐந்து நகரங்களில் ஏறக்குறைய 2,000 பேரைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்த்தது. இம்முறையில் வீடு பெற்றவர்கள் மற்றவர்களைவிட நிலையாகத் தங்கினார்கள் என்பது அதன் முடிவு. பின்லாந்து 2008இல் இதையே தேசியக் கொள்கையாக்கியது. ஹெல்சின்கியில் வரிசையாகக் கட்டில் போட்ட பழைய விடுதிகளைத் தனித்தனி வாடகைக் குடியிருப்புகளாக மாற்றியது.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது பணியாளரின் இடம். தீவிர மனநோய் உள்ளவர்களுக்கு உதவும் குழுக்களில் ஏறத்தாழ பத்துப் பேருக்கு ஒரு பணியாளர் என்பது அங்கே ஏற்றுக்கொண்ட அளவு. நியூயார்க்கின் தங்குமிடம் ஒன்றில் பிறந்த இன்னொரு முறையில், விடுதியை விட்டு வீட்டுக்குப் போகும் ஒருவருக்கு ஒன்பது மாதம் துணை இருப்பார்கள். முதல் மூன்று மாதம் நெருக்கமாக, அடுத்த மூன்று மாதம் சற்று விலகி, கடைசி மூன்று மாதம் ஊராரிடமும் உள்ளூர் மருத்துவரிடமும் பொறுப்பை ஒப்படைத்தபடி. வீட்டுச் சாவி கொடுத்த அன்று வேலை முடிவதில்லை, அன்றுதான் கடினமான கட்டம் தொடங்குகிறது என்ற அனுபவத்திலிருந்து வந்த முறை இது. தனிமை, வாடகை பாக்கி, பழைய நண்பர்கள், புதிய அண்டைவீட்டார் எல்லாம் முதல் சில மாதங்களில்தான் நெருக்கும்.

சென்னைக்கு இது பொருந்துமா? அரசு வீடுகள் நகரின் விளிம்பில் இருப்பதால் வாடகை வீடே பலருக்குப் பொருத்தமான வழி. அப்படியானால் பணியாளருக்கு வாடகைச் சந்தை தெரிய வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் கேட்பது சென்னையின் பழக்கம். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமோ முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை உச்சமாகச் சொல்கிறது. அந்த இடைவெளியில் வீட்டுக்காரரோடு பேசி ஒரு தொகைக்குக் கொண்டுவருவது, சாதியும் மதமும் கேட்கும் வீட்டுக்காரரைக் கடந்து அடுத்த வாசலுக்குப் போவது, குடியேறிய பின் மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்ப்பது எல்லாம் இந்தத் தொழிலின் நாளைய வேலைகள். காப்பகத்தைக் காவல் காப்பவர் குடித்தனத்துக்குத் துணை நிற்பவராக மாற வேண்டும்.

இந்தப் பணிக்கு வர நினைப்பவருக்கு

இதில் நுழைய ஒரே ஒரு வாசல் என்று கிடையாது. சமூகப் பணியில் முதுகலை படித்தவர் ஒருங்கிணைப்பாளராகவோ வழக்குப் பணியாளராகவோ வரலாம். சென்னையில் 1952இல் தொடங்கிய சமூகப்பணிக் கல்லூரி உட்படப் பல கல்லூரிகள் இப்படிப்பைத் தருகின்றன. நர்சிங், உளவியல், சட்டம் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவர் பராமரிப்பாளராகத் தொடங்கலாம். தெருவில் வாழ்ந்து மீண்டவர்கள் இந்தப் பணிக்குக் கொண்டுவரும் அறிவு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாதது. எந்த மூலையில் போலீஸ் எப்போது வரும், எந்தக் கேள்வி காயப்படுத்தும், யார் சொன்னால் நம்புவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களை வெறும் உதாரணங்களாக மேடையேற்றுவதோடு நிறுத்தாமல் சம்பளமும் பயிற்சியும் தந்து பணியாளர்களாக்க வேண்டும்.

கற்க வேண்டியவற்றில் முதன்மையானது பதிவு எழுதுவது. இன்று பேசியதை இன்றே, குற்றம் சாட்டாத சொற்களில், அடுத்தவர் படித்தால் புரியும்படி எழுதுவது. குடிக்கு அடிமையானவர் திடீரென நிறுத்தினால் வரும் ஆபத்து, வலிப்பு, தற்கொலை எண்ணத்தின் அறிகுறிகள் ஆகியவற்றை அறிவது அடுத்தது. குழந்தைக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567 என்று எந்த உதவி எங்கே என்று தெரிந்திருப்பது மூன்றாவது. குடும்பம் கிடைத்துவிட்டது என்றதும் அனுப்பிவிடக் கூடாது. அடி தாங்காமல் ஓடிவந்த பெண்ணை அடித்தவரிடமே ஒப்படைப்பது மீட்பு ஆகாது. அவர் சம்மதமே முதல் நிபந்தனை.

எல்லை வகுத்துக்கொள்வதும் திறமைதான். சொந்தப் பணத்தைக் கொடுப்பது, சொந்த எண்ணுக்கு நள்ளிரவில் வரும் எல்லா அழைப்பையும் எடுப்பது எல்லாம் ஆறு மாதம் நல்லதாகத் தெரியும். அதற்குப் பிறகு கடன், தூக்கமின்மை, எரிச்சல், ராஜினாமா. மற்றவர்களின் துயரத்தை நாள்தோறும் கேட்பவருக்கு அது உள்ளே தங்கும். வாரம் ஒருமுறை மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து, எந்த வழக்கு மனத்தை அழுத்துகிறது என்று பேச நேரம் ஒதுக்கும் நிறுவனத்தில்தான் நல்ல பணியாளர் நிலைப்பார். எனவே வேலைக்குச் சேருமுன் சிலவற்றைக் கூச்சமில்லாமல் கேட்டுவிடுவது நல்லது. வார விடுமுறை எழுத்தில் இருக்கிறதா? வருங்கால வைப்பு நிதியும் மருத்துவக் காப்பீடும் உண்டா? என் வேலையை மேற்பார்வையிட்டு ஆலோசனை சொல்பவர் யார்? இரண்டு ஆண்டு கழித்து நான் எந்தப் பதவிக்குப் போகலாம்?

படிநிலை கட்ட வேண்டியது அரசு

தனிமனிதர்கள் எவ்வளவு தயாரானாலும் ஏணியை அரசுதான் கட்ட வேண்டும். இது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம், அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பதவிகளை உருவாக்கி, ஏழைப் பெண்கள் பலரை ஊதியம் பெறும் பணியாளர்களாக்கியது. கிராம சுகாதாரச் செவிலியர் என்ற பதவி தாய்சேய் நலத்தில் இம்மாநிலத்தை முன்னணியில் நிறுத்தியது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்களை நம்பி நடக்கிறது. ஒரு சமூகத் தேவையை ஒரு பதவியாக மாற்றத் தெரிந்த மாநிலம் இது. அந்தப் பெண்கள் முறையான ஊதியத்துக்காக நீண்ட காலம் போராட வேண்டியிருந்தது என்பதும் இதே வரலாறுதான். வீடற்றோர் பணியில் அந்தத் தவறை முதலிலேயே தவிர்க்கலாம்.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. ஒவ்வொரு காப்பகத்திலும் மாற்றுப் பராமரிப்பாளர் ஒருவரைச் சேர்த்து வார விடுமுறையை உறுதி செய்வது. இரவுக் களப்பணிக்கும் ஆவணப் பணிக்கும் தனிப் பதவிகள் வகுப்பது. மாநகராட்சி மண்டலம்தோறும் வீடற்றோர் பணி அலுவலர் ஒருவரை நியமித்து, மருத்துவமனை, காவல் நிலையம், தாலுகா அலுவலகம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆகியவற்றோடு பேசும் அதிகாரத்தை அவருக்குத் தருவது. பணியில் இருப்பவர்கள் படித்துக்கொண்டே பெறக்கூடிய சான்றிதழ்ப் படிப்பு ஒன்றைப் பல்கலைக்கழகம் அல்லது சமூகப்பணிக் கல்லூரிகள் வழியாகத் தொடங்கி, அதைப் பதவி உயர்வோடு இணைப்பது. வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் இருப்பதுபோல இந்தியாவில் சமூகப் பணியாளருக்கென ஒரு மன்றம் இல்லை. அது வரும்வரை மாநில அளவிலாவது தகுதியையும் நடத்தை நெறியையும் ஊதிய அளவையும் வரையறுப்பது. நிறுவனங்களோடு ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் போடாமல் ஐந்தாண்டுக்குப் போடுவது.

இவற்றுக்குப் பணம் வேண்டும். ஆனால் இப்போதும் பணம் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. காலில் பிளேட் வைத்து அனுப்பப்பட்டவர் நடைபாதையில் புண் வைத்து மீண்டும் அதே வார்டுக்கு வரும்போது செலவாகிறது. பாதியில் நின்ற காசநோய்ச் சிகிச்சை மருந்துக்குக் கட்டுப்படாத நோயாகும்போது செலவாகிறது. காலியாகக் கிடக்கும் காப்பகக் கட்டடத்திலும் செலவாகிறது. அந்தப் பணத்தின் ஒரு பகுதியை, தெருவில் இருப்பவரின் பெயரை அறிந்து, அவர் கோப்பை எழுதி, அவர் வீட்டுக் கதவுவரை கூட வரும் ஒருவரின் சம்பளமாக மாற்ற வேண்டும் என்பதே கோரிக்கை. ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் என்று நீதிமன்றம் எண் சொன்னது போல, இத்தனை வீடற்றவர்களுக்கு இத்தனை பயிற்சி பெற்ற பணியாளர், இன்ன ஊதியத்தில் என்ற எண்ணையும் அரசு அறிவிக்கட்டும். அந்த எண் வந்த பிறகுதான், படித்த ஓர் இளம்பெண் இந்த வேலையில் சேர்கிறேன் என்று வீட்டில் சொல்லும்போது, எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்காமல் இருப்பார்கள்.